மின்ட் கண்டிஷன்

போன செமஸ்டர் லீவுல எனக்கு ஒரு வேலை வந்துச்சு. கோயம்புத்தூர்ல இருக்கிற மாமா அவரோட காரை விக்கணும், அதுக்கு நான் விளம்பரம் எழுதித் தரணும். மெக்கானிக்கல் படிக்கிறேன், மூணு வருஷமா காலேஜ் ஃபார்முலா டீம்ல கையில கிரீஸோட திரியறேன். அதனால வீட்டுல காரைப் பத்தி எந்தக் கேள்வி வந்தாலும் நேரா என்கிட்டதான் வரும். பெரியப்பாவோட ஆல்ட்டோவுல ஏசி வேலை செய்யலைன்னாலும் எனக்குத்தான் போன்.

மாமாவோட கார் ஆல்ட்டோ இல்ல. 2012 மாடல் ஆடி டிடி. ரெண்டு கதவு, ரெண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 211 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் பவர் போகும். பின் சீட்னு ஒண்ணு இருக்கு, அதுல மனுஷன் உட்கார முடியாது, ஹெல்மெட் வைக்கலாம். மாமா கணபதியில சின்னதா ஒரு பட்டறை வச்சிருக்கார். லேத்து, மில்லிங்னு நாலு மெஷின். 2017ல இந்தக் காரை ரெண்டாவது ஓனரா 21 லட்சம் கொடுத்து வாங்கினப்போ குடும்பமே அவரைத் திட்டுச்சு. "அந்தக் காசுக்கு இடம் வாங்கிப் போட்டிருக்கலாம்"னு அம்மா இன்னிக்கும் சொல்வாங்க. இப்போ ஒரு சிஎன்சி மெஷினுக்கு பேங்க் லோன் கிடைச்சிருக்கு. கையில இருந்து போட வேண்டிய மார்ஜின் பணத்துக்குக் காரை வித்தாத்தான் வழி. மாசக் கடைசிக்குள்ள கட்டியாகணும்.

நான் சொல்ல வர்றதை இங்கேயே சொல்லிடறேன். வண்டியை நல்லா வச்சிருந்தவன் விக்கும்போது அதோட குறையைத்தான் முதல்ல எழுதணும். "ஆரம்பிச்சுட்டான்டா நல்ல பையன்"னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நான் முதல்ல எழுதினது இதுக்கு நேர் எதிரான விளம்பரம்.

எல்லாரும் எழுதறதுதான் அது. மின்ட் கண்டிஷன், ஷோரூம் ஃபீல், ஒரு ரூபா செலவில்லை, சீரியஸ் பையர்ஸ் ஒன்லி. மாமா கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிச்சார்.

"மின்ட்டுன்னா புதினாதான கண்ணு?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா பதில் வரல. எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம், இந்த வார்த்தையை ஆயிரம் தடவை படிச்சிருக்கேன், அர்த்தம் யோசிச்சதே இல்ல. போன்ல பார்த்துச் சொன்னேன்: மின்ட்டுன்னா நாணயம் அடிக்கிற இடம், சென்னையில தங்கசாலைன்னு சொல்றோமே அது. அங்கிருந்து அப்பதான் வெளிய வந்த, யார் கையும் படாத காசு மாதிரி இருக்குன்னு அர்த்தம்.

"அப்போ இது பொய்யில்லையா? எட்டு வருசமா நான் கையில வச்சுத் தேய்ச்ச வண்டி இது"ன்னார்.

உண்மைதான். இடது பக்கம் பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற பாடி 2021ல ரீ-பெயின்ட் ஆனது. பட்டறை கேட் தூண்ல அவரே ரிவர்ஸ்ல இடிச்சது. முன் பம்பருக்கு அடியில நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணும் தன் பேரை எழுதி வச்சிருக்கு. டிரைவர் சீட்ல இடுப்பைப் பிடிக்கிற ஓரத்துல தோல் வெடிச்சிருக்கு, இவ்வளவு தாழ்வான கார்ல தினம் ஏறி இறங்கினா அது வெடிக்கத்தான் செய்யும். டயர்ல பட்டன் இன்னும் நல்லா இருக்கு, ஆனா பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்கம் 2318. அதாவது 2018ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்ச டயர். ஓடாத கார்ல டயர் தேயாது, ஆனா ரப்பருக்கு வயசாகாம இருக்காது. எல்லாத்தையும் விடப் பெரிசு, மாமா ரெண்டு தடவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய் டிராக் டேல ஓட்டியிருக்கார். எங்க டீம் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போற அதே டிராக்.

ஊர்ல இருக்கிற ஒரு புரோக்கர் வந்து சுத்திப் பார்த்தார். "நாலு நாள்ல வித்துத் தர்றனுங்க. ஆனா நீங்க பேசக் கூடாது. கேட்டா சொல்லுங்க, கேக்கலைன்னா விட்டுருங்க. டிராக்ல ஓட்டினதை மட்டும் கேட்டாலும் சொல்லிடாதீங்க."

நம்ம ஊர் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டோட மொத்த அறமும் இந்த ரெண்டு சொல்லுதான்: கேட்டா சொல்லு. கேக்கத் தெரியாதவன் தலையெழுத்து அவ்வளவுதான். சத்தியமா சொல்றேன், அப்போ எனக்கு அவர் பேசினது ரொம்ப நியாயமாத்தான் பட்டுச்சு.

போன வருஷம் எலெக்டிவ் பேப்பர்ல பொருளாதாரம் எடுத்தவங்களுக்கு ஜார்ஜ் அக்கர்லாஃபைத் தெரிஞ்சிருக்கும். 1970ல அவர் எழுதின ஒரு கட்டுரை பழைய கார் விக்கிறதைத்தான் உதாரணமா எடுத்துக்குது. அமெரிக்காவுல மோசமான காருக்கு லெமன்னு பேரு. விக்கிறவனுக்குத் தன் கார் லெமனா இல்லையான்னு தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. தெரியாததால அவன் எல்லாக் காரையும் பாதி லெமன்னு நினைச்சுத்தான் விலை சொல்லுவான். அந்த விலைக்கு நல்ல கார் வச்சிருக்கிறவன் "எதுக்கு இந்த அடிமாட்டு விலைக்குக் கொடுக்கணும்"னு ஒதுங்கிடுவான். கடைசில சந்தையில லெமன்தான் மிச்சம். இந்தக் கட்டுரையை ரொம்ப அற்ப விஷயம்னு திருப்பி அனுப்பின ஜர்னல்கள் உண்டு. 2001ல அதே ஆளுக்கு நோபல் பரிசு.

ஸ்போர்ட்ஸ் கூப்பேன்னு வந்தா இந்தக் கதை இன்னும் மோசம். ஸ்விஃப்ட் வாங்குறவனுக்குத் தெருவுக்குத் தெரு ஒரு மெக்கானிக் இருக்கார், ஒப்பிட்டுப் பார்க்க ஐம்பது ஸ்விஃப்ட் இருக்கு. டிடி வாங்க வர்றவனுக்கு ஒப்பிட ஊர்ல இன்னொரு டிடி இருக்கான்னே தெரியாது. ஆசை மட்டும் பள்ளிக்கூடத்துல இருந்து இருக்கு. அந்த ஆசைக்குப் பின்னாடியே ஒரு பயமும் இருக்கு: இதை எவனாவது கண்டபடி மிதிச்சிருப்பானோ? ஈசியூவை ரீமேப் பண்ணி ஓட்டிட்டு விக்கிறதுக்கு முன்னாடி பழையபடி மாத்தி வச்சிருப்பானோ? அந்தப் பயத்துக்கு அவன் ஒரு விலை போடுவான், அது நம்ம காசுல இருந்துதான் கழியும்.

இதுல கொடுமை என்னன்னா, எட்டு வருஷம் ஞாயித்துக்கிழமை காலையில தூக்கத்தை விட்டுட்டு வண்டியைத் துடைச்சவனும், ஆயில் மாத்தாம ஓட்டினவனும் விளம்பரத்துல ஒரே வார்த்தையைத்தான் எழுதறாங்க. மின்ட் கண்டிஷன். வார்த்தைக்குக் காசு இல்ல, யார் வேணா எழுதலாம். அக்கர்லாஃபோட நோபலைப் பகிர்ந்துக்கிட்ட மைக்கேல் ஸ்பென்ஸ் சொன்னது இந்த இடத்துல உதவும்: நல்லவன் சுலபமா செய்யக் கூடியதா, மோசமானவனுக்குக் கட்டுப்படியாகாததா ஒரு அடையாளம் இருந்தாத்தான் அது அடையாளம். பில் ஃபைல் அப்படிப்பட்டது. குறைப் பட்டியலும் அப்படித்தான்னு நான் சொல்றேன். நிஜமாவே லெமன் வச்சிருக்கிறவன் அதோட குறையை எழுத ஆரம்பிச்சா அந்த வண்டியை யாரும் வந்துகூடப் பார்க்க மாட்டாங்க.

மாமாகிட்ட ஃபைல் இருந்துச்சு. பட்டறைக்காரர் இல்லையா, ஜிஎஸ்டி பில்லோட பில்லா காருக்கும் ஒரு ஃபைல். அந்த ஃபைல்தான் என்னை மாத்துச்சு. இந்தக் கார்ல இருக்கிறது எண்ணெய்க்குள்ள ஓடுற டபுள் கிளட்ச் கியர்பாக்ஸ், 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை அதோட ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தணும். "இது லைஃப்டைம் ஆயில்"னு எவனாவது சொன்னா நம்பி விட்டுடறவங்கதான் அதிகம். மாமா 58,000ல மாத்தியிருக்கார், பில் இருக்கு. பின் சக்கரத்துக்கு பவரை அனுப்புற ஹால்டெக்ஸ் கப்ளிங்குக்குத் தனியா ஒரு ஆயில் இருக்குன்னு எனக்கே அந்த பில்லைப் பார்த்துத்தான் உறைச்சுது. பதினோரு சர்வீஸ் பில், ஒவ்வொண்ணுலயும் கிலோமீட்டர், வரிசையா ஏறிக்கிட்டே போகுது, கடைசியா 71,000. அமெரிக்காவுல 1972லயே ஓடோமீட்டருக்கு ஒரு ஃபெடரல் சட்டம் வந்துடுச்சு, விக்கும்போது கிலோமீட்டரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். நமக்கு இந்த பில்தான் சாட்சி.

புது விளம்பரம் எழுதினோம். முதல் பத்தி முழுக்கக் குறை. எங்க இடிச்சது, எப்போ, எவ்வளவு செலவு, அதோட போட்டோ. டயர் வருஷம். சீட். டிராக் டே ரெண்டு, ரெண்டுக்கும் அப்புறம் பிரேக் ஆயில் மாத்தின பில். அதுக்குக் கீழேதான் நல்லது. விலை பதினஞ்சரை லட்சம். புரோக்கர் பார்த்துட்டு, "இது வெளம்பரமா இல்ல போலீஸ் ஸ்டேட்மென்ட்டா?"ன்னுட்டுப் போனார்.

முதல்ல வந்தவர் பாக்கெட்ல இருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய வித்தை அது. காந்தம் ஒட்டலைன்னா பெயின்ட்டுக்கு அடியில பட்டி இருக்குன்னு அர்த்தம். பானெட்ல வச்சார், விழுந்துடுச்சு. முன் ஃபென்டர்ல வச்சார், அங்கயும் விழுந்துடுச்சு. "முழுசா பட்டி பார்த்த வண்டி, ஒரு குவார்ட்டர் பேனல்னு எழுதி ஏமாத்தறீங்க"ன்னு மாமாவை முறைச்சார். அந்த ரெண்டும் அலுமினியம். இந்த மாடல்ல முன் பக்கம் பெரும்பாலும் அலுமினியம், பின்னாடிதான் ஸ்டீல் வருது, எடையைச் சமன் பண்றதுக்காகச் செஞ்சது. நான் ஒரு கிளாஸே எடுத்தேன், அலுமினியத்துக்கு வேற கேஜ் வேணும்னு சொன்னேன். "தம்பி, நான் இருபது வருசமா காந்தத்துலதான் பார்க்கறேன்"ன்னுட்டு வண்டி ஏறிட்டார். உண்மையைச் சொன்னா போதும்னு நினைச்சேன், கேக்கிறவருக்கும் பாதி தெரிஞ்சிருக்கணும் போல.

ரெண்டாவது ஆள்தான் என் தியரியை உடைச்சார். படிச்சவர், பேச்சு சுத்தம். எங்க விளம்பரத்தைப் பிரின்ட் எடுத்துட்டு வந்திருந்தார், ஒவ்வொரு குறைக்குப் பக்கத்துலயும் பென்சில்ல ஒரு தொகை. டயருக்கு எண்பதாயிரம், சீட்டுக்கு முப்பது, பெயின்ட்டுக்கு ஒண்ணு, டிராக் டேக்கு ஒண்ணு. எல்லாம் கூட்டிக் கழிச்சுப் பன்னெண்டு நாப்பது. நாங்க எழுதிக் கொடுத்த கத்தியை வச்சே எங்களைக் குத்தினார். எழுதாத ஒரு குறையையும் அவர் கண்டுபிடிக்கல, தேடவும் இல்ல. தேடற வேலையை நாங்கதான் மிச்சம் பண்ணிக் கொடுத்துட்டோமே.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் நண்பனுக்கு போன் பண்ணிப் புலம்பினேன். "நீ வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா பதினாலு ஐம்பது வந்திருக்கும்டா"ன்னான். அவன் சொன்னதை மறுக்க என்கிட்ட எதுவும் இல்ல. தேதி பத்தொன்பது. பேங்க்ல இருந்து மாமாவுக்கு ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. விளம்பரத்தைத் திறந்து டிராக் டே வரியை செலக்ட் பண்ணி வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அழிச்சுட்டு மறுபடி எழுதினேன், திரும்ப அழிச்சேன். மாமா எட்டிப் பார்த்தார். "வாங்குறவன் எப்படியும் நம்ம ஊர்லதான் ஓட்டுவான் மாப்ள. சிக்னல்ல பார்த்தா நான் மூஞ்சியத் திருப்பிக்கணுமா?"ன்னார். அந்த வரி அங்கேயே இருந்துச்சு.

இந்த இடத்துல எதிர்க்கட்சி சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்க முடியாது. குறையைச் சொல்றவன் மட்டும் சொல்லி, சந்தையில மத்தவங்க எல்லாம் மறைச்சா, சொன்னவன்தான் இளிச்சவாயன். எங்க 71,000 கிலோமீட்டருக்குப் பக்கத்துல இன்னொருத்தன் மீட்டரைத் திருப்பி 35,000ன்னு போட்டா, பட்டனை எங்க தட்டுவாங்க? இது ஒருத்தரோட நேர்மையால மாறாது. ஆனா ஒண்ணு, மறைக்கிறதும் முன்ன மாதிரி சுலபம் இல்ல. ஸ்கேனரை மாட்டினா, பழைய ஃபால்ட் ஒவ்வொண்ணும் எத்தனையாவது கிலோமீட்டர்ல வந்துச்சுன்னு பல கார்ல பதிவாகியிருக்கும். மீட்டர் 35,000 காட்டி, உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் 68,000ல ஒரு ஃபால்ட்னு சொன்னா கதை முடிஞ்சுது.

மூணாவதா வந்தவர் ஈரோட்டுக்காரர், மனைவியோட வந்தார். அவர் காரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்தம்மா ஃபைலைக் கேட்டு வாங்கி, திண்ணையில உட்கார்ந்து முக்கால் மணி நேரம் படிச்சாங்க. நான் பார்த்ததுலயே சரியா கார் வாங்கின ஆள் அவங்கதான். அடுத்த வாரம் சொந்த மெக்கானிக்கோட வந்து ஸ்கேன் பண்ணினாங்க. எங்களுக்கே தெரியாத ஒண்ணு கிடைச்சுது, வாட்டர் பம்ப் பக்கம் லேசா கூலன்ட் கசிவு. மாமா பேரம் பேசல, அந்தச் செலவை அப்படியே கழிச்சுக்கிட்டார். பதிமூணு எண்பத்தஞ்சுக்கு முடிஞ்சுது, 27ஆம் தேதி டோக்கன். புரோக்கர் வழியில போயிருந்தா இதைவிடக் கூட வந்திருக்குமா? வந்திருக்கலாம். அதுக்கு என்கிட்ட கணக்கு இல்ல.

பணம் வந்ததோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன், மாமா விடல. ஃபார்ம் 29, ஃபார்ம் 30, ரெண்டுலயும் கையெழுத்து. மோட்டார் வாகனச் சட்டம் 50ஆவது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள்ளன்னா வித்தவரும் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும். இதை வாங்குறவர் பாடுன்னு நாம விட்டுடறோம். அதைவிட மோசம், தேதியும் பேரும் போடாம கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கிற வழக்கம். அந்த வண்டி மூணு கை மாறும், ஆர்சில உங்க பேரே இருக்கும். ஆர்சில பேர் யாருக்கு இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. 211 குதிரை, நடுராத்திரி, அவிநாசி ரோடு மேம்பாலம், யாரோ ஒருத்தர் ஓட்டறார், ஆர்சில மட்டும் உங்க பேர். யோசிச்சுக்கோங்க. அப்புறம் நோ கிளெய்ம் போனஸ், 50 சதவீதம் வரைக்கும் வரும், அது காருக்கு இல்ல, உங்களுக்குச் சொந்தம். இன்சூரன்ஸ் கம்பெனியில லெட்டர் வாங்கி வச்சுக்கிட்டா அடுத்த காருக்கு ஆகும். ஃபாஸ்டேகை மூட மறந்தா டோல் காசு நம்ம அக்கவுன்ட்ல இருந்து போய்க்கிட்டே இருக்கும். மாமா மறந்தார், பெருந்துறைக்கு இந்தப் பக்கம் எழுபத்தஞ்சு ரூபா போச்சு.

டிடியை ஆடி இனிமே செய்யறதில்ல. 1998ல ஆரம்பிச்சு 2023 நவம்பர்ல ஹங்கேரியில கடைசி வண்டி வெளிய வந்துச்சு. இனிமே வராத கார்னு சொல்லி இன்னும் ரெண்டு லட்சம் ஏத்தியிருக்கலாம்னு யாரோ மாமாகிட்ட சொல்லியிருக்காங்க. இனிமே பார்ட்ஸும் சுலபமா கிடைக்காதுன்னு அதே வாயால சொல்லணும்னு அவர் பதில் சொன்னாராம்.

நம்ம கேம்பஸ்ல கூப்பே எவன்கிட்டயும் இல்ல. ஆனா ஃபைனல் இயர் முடியறப்போ வாட்ஸப் குரூப்ல பைக்கா வந்து விழும். "சீனியர் வண்டி, வெல் மெயின்டெய்ன்ட், ஜஸ்ட் பை அண்ட் ரைட்." எழுதறவன் எல்லாம் இன்ஜினியர், வாங்குற ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கு பிரேக் பேட் எங்க இருக்குன்னு தெரியாது. அண்ணான்னு கூப்பிடுவான், நம்பி அப்பாவோட காசைக் கொடுப்பான். நாமதான் அவனுக்குப் புரோக்கர்.

மூணாம் வருஷம் நானும் ஒரு பைக் வித்தேன். முன் ஃபோர்க்ல ஆயில் சீல் போயிருந்துச்சு. அவன் பார்க்க வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி பனியன் துணியால சுத்தமா துடைச்சு வச்சேன். அவன் கேக்கல, நான் சொல்லல. வித்து ரெண்டு வாரத்துல கேன்டீன் வாசல்ல அந்த வண்டியைப் பார்த்தேன், ஃபோர்க் முழுக்க எண்ணெய், பிரேக் டிஸ்க் பக்கம் வழிஞ்சிருந்துச்சு. நான் வேற வழியா சுத்திப் போனேன். மாமா கேட்ட அந்த சிக்னல் கேள்வி எனக்கு ஏன் அப்படிச் சுட்டுச்சுன்னு அவருக்குத் தெரியாது.

தம்பி, நீ செகண்ட் இயர் சிவில்னு நினைக்கிறேன், நீலக் கலர் வண்டி. சீல் மாத்தின பில்லை எனக்கு அனுப்பு, ஜிபே பண்றேன். இன்னும் மாத்தலைன்னா சாயந்திரம் வொர்க்‌ஷாப் பக்கம் வண்டியைக் கொண்டு வா, சீல் நான் வாங்கி வச்சிருக்கேன். பின் சக்கர பேரிங்லயும் லேசா ஒரு சத்தம் வரும். அதையும் அப்போ சொல்லல.